செகண்ட் ஹேண்ட் ஆடி டிடி: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு விமர்சனம்

எங்கள் பக்கம் இந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் முதல் கேள்வி “எவ்வளவு சார்?” என்பதுதான். அடுத்தது “லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?” கூட்டம் கலைந்த பிறகு, ஓரமாக நின்றிருந்த ஏதாவது ஒரு பையன் கிட்டே வந்து, “அண்ணா, நெசமாவே இதை நம்ம ஊர்ல வச்சு ஓட்ட முடியுதா?” என்று கேட்பான். முதல் இரண்டு கேள்விக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இது அந்தப் பையனுக்கான பதில், அதனால்தான் நீளம்.

வண்டி 2012 மாடல் ஆடி டிடி கூபே, இரண்டாம் தலைமுறை. 1984 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சின், 211 குதிரைசக்தி, 350 நியூட்டன் மீட்டர் டார்க். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆறு கியர் எஸ்-ட்ரானிக், நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் குவாட்ரோ. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 5.6 விநாடி என்பது கம்பெனிக் கணக்கு. பெங்களூரில் ஒரே ஓனரிடம் இருந்தது, ஓடியது 58,000 கிலோமீட்டர். நான் கொடுத்தது 16 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு கேஜ் கேலிபரேஷன், அதாவது அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் தரும் சின்ன லேப் என்னுடையது. மைக்ரோமீட்டரும் டயல் கேஜும்தான் பிழைப்பு என்பதால் இதில் கொஞ்சம் அளவுப் பைத்தியம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகும் பழக்கம் இருந்தது. டேட்டா புக் தேடிப் போன இடத்தில் வெளிநாட்டு கார் பத்திரிகை ஒன்று கிடைத்தது. நடுப்பக்கத்தில் 1998-ல் வந்த முதல் தலைமுறை டிடி. கூரை, சக்கர வளைவு, பின்புறம் எல்லாம் யாரோ காம்பஸ் வைத்து வரைந்தது போல இருந்தது. டிராயிங் வகுப்பில் அரியர் வைத்திருந்த எனக்கு அது ரொம்பவே பிடித்துப்போனது. அந்தப் பக்கத்தைக் கிழித்து ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டினேன். பிறகு வேலை, தங்கச்சி கல்யாணம், லேப், வீட்டுக் கடன். இருபத்தைந்து வருடத்தில் ஆசை குறையவில்லை, காசுதான் மெதுவாக வந்தது.

ஏன் இரண்டாம் தலைமுறை? முதல் தலைமுறை நம் நாட்டில் தேடினாலும் கிடைப்பது அபூர்வம். மூன்றாம் தலைமுறை என் பட்ஜெட்டுக்கு எட்டாது. இரண்டாவதிலேயே 3.2 லிட்டர் வி6 எஞ்சினும் உண்டு. சத்தம் கேட்டால் விடவே மனசு வராது. ஆனாலும் நாலு சிலிண்டரைத்தான் எடுத்தேன். காரணம் எளிது: இந்த 2.0 எஞ்சின் ஸ்கோடா லாரா, சூப்பர்ப் கார்களில் வந்த 1.8 டி.எஸ்.ஐ. எஞ்சினின் குடும்பம். அந்தக் கார்களைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் பெங்களூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார். வாங்கும்போது அழகைப் பார்க்கலாம், வைத்துக்கொள்வதற்கு மெக்கானிக்கைத்தான் பார்க்க வேண்டும்.

தேடியதில் மூன்று வகை வண்டிகள் கண்ணில் பட்டன. ஒன்று டெல்லி வண்டி. அந்த வட்டாரத்தில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருடக் கெடு வைத்திருந்ததால் அதற்கு முன்பே குறைந்த விலைக்குத் தெற்கே தள்ளிவிட்டார்கள். விலை ஆசை காட்டும், சர்வீஸ் புத்தகம் மட்டும் இருக்காது. இரண்டாவது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2022 செப்டம்பரில் பெங்களூர் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் விலை உயர்ந்த கார்கள் தண்ணீரில் நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் சென்னை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். பாலிஷ் போடுகிறவர்கள் அதுவரைக்கும் போவதில்லை.

மூன்றாவது வகை, பழைய ஆடம்பரக் கார் மட்டும் விற்கும் டீலரிடம் நிற்பது. என் வண்டி அப்படிக் கிடைத்ததுதான். கடையின் பெயர் வேண்டாம், ஏனென்றால் சொல்லப் போவதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

நல்லது: விற்பனைப் பையன் நம் ஒட்டன்சத்திரத்துக்காரன். தமிழில் ஒளிவில்லாமல் பேசினான். பழைய பில்கள் அடங்கிய ஃபைலை நான் கேட்கும் முன்பே கொண்டுவந்து வைத்தான். எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட, ஜாக்கியில் தூக்கிப் பார்க்க, என் ஆளைக் கூட்டிவர எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ஃபில்டர் காபி பிரமாதம்.

கெட்டது: “எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வந்து பார்க்கறேன்” என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். போய் பானெட் மேல் கை வைத்தால் சுடுகிறது. “வாஷிங்குக்கு நகர்த்தினோம் சார்.” சரி. “நாளைக்குக் காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி வரேன், சாவி மட்டும் வாட்ச்மேன்கிட்ட இருக்கட்டும்” என்றேன். அவர்களுக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் மறுக்கவில்லை.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், இந்தக் குடும்ப எஞ்சினில் 2012 வாக்கில் வரைக்கும் வந்தவற்றில் டைமிங் செயின் டென்ஷனர் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பலவீனம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஓரிரு விநாடி கடகடவென்று செயின் சத்தம் வரும். சூடான எஞ்சினில் அது கேட்கவே கேட்காது. டென்ஷனர் கைவிட்டுச் செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதோடு எஞ்சின் வேலை முடிந்தது, செலவு லட்சங்களில். காதை நம்பாதவர்கள் ஸ்கேனரில் கேம் ஷாஃப்ட் ஃபேஸ் அளவைப் பார்க்கலாம், செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும். மறுநாள் காலை பனியில் நின்றிருந்த வண்டியை நானே ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. பழைய பில்களில் தேடினால் முந்தைய ஓனர் செயின், டென்ஷனர் இரண்டையும் மாற்றியதற்கான பில் இருந்தது. ஸ்கேனர் அளவும் அதோடு ஒத்துப்போனது. அப்போதுதான் மனசுக்குள் விலை பேச ஆரம்பித்தேன்.

இந்த எஞ்சினில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி ஆயில். பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிக்கும் வண்டிகள் இந்த வரிசையில் உண்டு. கடைசி இரண்டு சர்வீஸ் பில்லில் நடுவில் ஆயில் டாப்-அப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். என் வண்டி கொஞ்சம் குடிக்கிறது, பயப்படும் அளவுக்கு இல்லை. டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் எப்போதும் இருக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. டீலர் ஒரு வெளி இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸின் ரிப்போர்ட்டைக் காட்டினார். அழகான பிடிஎஃப், பச்சை டிக் மார்க்குகள். பெயின்ட் கனத்துக்கான கட்டத்தில் பானெட், முன் ஃபெண்டர் எல்லாவற்றுக்கும் அளவு இல்லாமல் “ஒரிஜினல்” என்று மட்டும் எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது. இந்தத் தலைமுறை டிடியின் உடம்பில் 69 சதவீதம் அலுமினியம். முன்பக்கமும் கூரையும் அலுமினியம். கதவு, டிக்கி மூடி, பின்பக்கத் தரை ஆகியவை ஸ்டீல், முன்னும் பின்னும் எடை சமனாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தது. மலிவான பெயின்ட் கேஜ் காந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறது. அதை அலுமினியத்தின் மேல் வைத்தால் எண்ணே வராது. ரிப்போர்ட் எழுதியவர் எண் வராததை ஒரிஜினல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் லேபிலிருந்து இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் கேஜ் கொண்டுபோயிருந்தேன், ஸ்டீலுக்குக் காந்தத் தத்துவம், அலுமினியத்துக்கு எடி கரன்ட் எனப்படும் சுழல் மின்னோட்டம். கம்பெனிப் பெயின்ட் பொதுவாக 90 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபடியும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. கூரை 110, பானெட் 118, வலது ஃபெண்டர் 121. இடது முன் ஃபெண்டர் 264. ஒட்டன்சத்திரத்துத் தம்பியைப் பார்த்தேன். அவன் மேனேஜரைப் பார்த்தான். ஐந்து நிமிடத்தில் பழைய இன்ஷூரன்ஸ் கிளைம் பேப்பர் வெளியே வந்தது. பார்க்கிங் தூணில் உரசியது, வேறொன்றும் இல்லை. எனக்கு அதில் வருத்தமே கிடையாது, விலையில் கை வைக்க ஒரு காரணம் கிடைத்தது. கேஜ் இல்லாதவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவில் ஒட்ட வேண்டும், பானெட்டில் ஒட்டக் கூடாது. கதவில் ஏதாவது ஓர் இடத்தில் ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி.

விலை பேச நல்ல காலம் எது என்று கேட்டால், கர்நாடகக்காரர்களின் ஆஷாட மாதம். அங்கேயும் அந்த மாதத்தில் யாரும் வண்டி எடுப்பதில்லை, ஷோரூமில் ஈ ஓட்டுவார்கள். ஆஷாடத்தில் பேசி அட்வான்ஸ் கொடுத்தேன். அது முடிந்து நமக்கு ஆடி நடந்துகொண்டிருந்தபோது டெலிவரி எடுக்கச் சொன்னார்கள். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “ஆவணி பொறக்கட்டும்.” வேறு வழியில்லை. அந்த இடைவெளி ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, பெங்களூர் பக்கத்துப் பேப்பர் வேலை முழுக்க அதில் நடந்தது.

பேப்பரைச் சுருக்கமாகச் சொல்கிறேன், படிக்கவே அலுப்பாக இருக்கும். கர்நாடக வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர அங்கிருந்து என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று வேண்டும், அதாவது படிவம் 28. பெயர் மாற்ற 29, 30. பழைய லோன் இருந்தால் பாங்க் கொடுக்கும் 35. டிராஃபிக் அபராதம் பாக்கி இருந்தால் என்.ஓ.சி. நகராது. பெங்களூர் கேமராக்கள் யாரையும் விடுவதில்லை என்பதால், இருக்கும் அபராதத்தை எல்லாம் பழைய ஓனர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அப்புறம் கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ.வில் தமிழ்நாட்டு வரி கட்டி டிஎன் 24 நம்பர் வாங்க வேண்டும். வரித் தொகையை முன்பே விசாரித்து வண்டி விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். சேசிஸ் நம்பரைப் பென்சில் தேய்த்துப் படி எடுப்பார்கள். அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று தேடாதீர்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. ஃபாஸ்டேகும் அப்படியே, அவருடையதை மூடிவிட்டுப் புதியதாக எடுக்க வேண்டும்.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து வண்டியை எடுத்தோம். மச்சான் அவனுடைய ஸ்விஃப்டில் பின்னால் வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் இறங்கி அத்திப்பள்ளி வரை எனக்கு வண்டியே தெரியவில்லை, பக்கத்தில் உரசுகிற மாதிரி வரும் பஸ்கள்தான் தெரிந்தன. கார் 1.35 மீட்டர் உயரம். லாரி டயரின் நட்டுகளை எண்ணலாம். ஓசூர் தாண்டியதும் ரோடு திறந்தது. சூளகிரி மலை வலது இடது மாறித் தெரிய ஆரம்பித்தபோது தான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக அழுத்தினேன். முதலில் ஒரு கணம் டர்போ யோசிக்கிறது, பிறகு முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. எஸ்-ட்ரானிக் கியர் மாறுவது காதுக்குத்தான் தெரிகிறது, உடம்புக்குத் தெரிவதில்லை. பின்னாலிருந்து மச்சான் போன் போட்டான்: “மாமா, என்னை ஞாபகம் இருக்கா?”

கிருஷ்ணகிரியில் காட்டுவீர ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை. எலுமிச்சம்பழம் வைக்க வந்தவர் முன் பம்பருக்கும் தரைக்கும் இடையில் குனிந்து பார்த்துவிட்டு, “இது ஸ்பீட் பிரேக்கர்ல எப்படி சார் போகும்?” என்று கேட்டார். விபூதி பூசும்போது கேட்கிற கேள்வியா அது. வீட்டு வாசலில் அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “ஏம்ப்பா, இவ்ளோ காசு குடுத்தும் ரெண்டு கதவுதான் குடுத்தானா?”

சரி, ஸ்பீட் பிரேக்கருக்கு வருகிறேன், அதுதானே எல்லோருக்கும் சந்தேகம். நெடுஞ்சாலையில் பிரச்சினையே கிடையாது. ஊருக்குள் முறையாகப் போட்ட வேகத்தடையை நேராகவே தாண்டலாம். ஊர்க்காரர்களே சிமென்ட் கொட்டிப் போட்ட மேடுகள் இருக்கிறதே, அங்கே ஒரு பக்கச் சக்கரத்தை முதலில் ஏற்றிக் கோணலாகத்தான் போக வேண்டும். அப்போது எதிரே வருபவர் நம்மைக் குடிகாரன் என்று நினைப்பார். வீட்டு வாசல் சாய்தளத்தை இடித்து நீளமாகப் போட்டேன். கொத்தனார் கூலி வண்டிச் செலவுக் கணக்கில்தான் வரும்.

வேகத்தடையைவிடப் பெரிய சிக்கல் கொள்ளு. தை மாசியில் எங்கள் மாவட்டத்துக் கிராம ரோடுகளில் கொள்ளுச் செடியையும் ராகிக் கதிரையும் ரோட்டிலேயே பரப்பி வைப்பார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிர வேண்டும், அதுதான் கணக்கு. பஸ்ஸும் டிராக்டரும் கவலைப்படாமல் ஏறிப் போகும். என் வண்டி ஏறினால் கொடி அடிப்பக்கத்து மூடியில் மாட்டி ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் காய்ந்த செடி சேர்வது தீக்கு அழைப்பு. எங்கெல்லாம் இந்தக் கார் பழுதாகும் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன, கொள்ளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதனால் அந்த இரண்டு மாதம் பாலக்கோடு பக்கம் உள்வழியை விட்டுவிட்டுச் சுற்றித்தான் போகிறேன். ஒருமுறை சுற்ற வழியில்லாமல் நின்றபோது, களத்தில் இருந்த ஒரு பாட்டி விளக்குமாறால் என் வண்டி அகலத்துக்கு ஒரு பாதை கூட்டிக் கொடுத்தார். “புது மாப்பிள்ளை வண்டி போல, மெல்லப் போ சாமி” என்றார்.

ஓட்டுவதற்கு எப்படி? ராயக்கோட்டை ரோட்டின் வளைவுகளில் இந்த வண்டியின் குணம் தெரிகிறது. ஸ்டியரிங் லேசானது, ஆனால் துல்லியம். முன் சக்கரத்தில் நடப்பது ஸ்டியரிங் வழியாகக் கைக்குச் சுமாராகத்தான் தெரியும் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பந்தயக்காரர்களுக்கு அது குறையாக இருக்கலாம், எனக்கு இல்லை. குவாட்ரோ என்று பெயர் இருந்தாலும் இதில் உள்ளது ஹால்டெக்ஸ் கிளட்ச். சாதாரணமாகப் போகும்போது இழுவை பெரும்பாலும் முன் சக்கரத்துக்குத்தான், தேவைப்படும்போது பின்னுக்கும் அனுப்பும். ஏலகிரிக்கு மழை தூறிய ஒரு காலையில் ஏற்றினேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரமான வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் வண்டி வழுக்காமல் கோடு பிடித்து ஏறியது. இறங்கும்போதும் பிரேக் சலிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், தொப்பூர் கணவாயில் இந்த வண்டியை வைத்து விளையாடக் கூடாது. இறக்கத்தில் பிரேக் விட்டுப்போன லாரி பின்னால் வந்தால் 211 குதிரையும் உதவாது. அங்கே நான் நாற்பதில் இடது ஓரம்.

பின்னால் உள்ள ஸ்பாய்லர், அதாவது வேகத்தில் வண்டி நிலையாக இருக்க உதவும் சின்ன இறக்கை பற்றி ஒரு சுவையான விஷயம். முதல் தலைமுறை டிடி வந்த புதிதில் ஜெர்மனியில் அதிவேகத்தில் நிலைதடுமாறிச் சில விபத்துகள் நடந்தன. அதற்குப் பிறகு கம்பெனி ஸ்பாய்லரும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்த்தது. இரண்டாம் தலைமுறையில் அந்த ஸ்பாய்லர் டிக்கி மூடிக்குள் மறைந்திருக்கும், 120 கிலோமீட்டர் வேகத்தில் தானாக எழும், 80-க்குக் கீழ் வந்தால் தானாக அமரும். நம் நாலுவழிச் சாலையில் காருக்கு வேக வரம்பு 100. அதாவது சட்டப்படி நடந்தால் அது எழவே எழாது. நல்லவேளையாக ஒரு ஸ்விட்சும் வைத்திருக்கிறார்கள். தெருப் பிள்ளைகளுக்கு இந்த வண்டியில் வேறு எதுவும் முக்கியமில்லை. “மாமா, ரெக்கையைத் தூக்குங்க!”

பின் சீட் சீட்டே இல்லை. என் மகளுக்குப் பதினோரு வயது, அவள் மட்டும் உட்கார்வாள், அதுவும் முன்னால் அவள் அம்மா சீட்டை நகர்த்தினால். ஆனால் டிக்கி ஆச்சரியம். 290 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 700. கண்ணாடியோடு சேர்ந்து முழு மூடியும் மேலே தூக்கும். ராகி மூட்டை ஏற்றியிருக்கிறேன். மில்லில் இறக்கும்போது அங்கிருந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். ஏ.சி. சித்திரை வெயிலுக்குப் போதும் என்று நம்புகிறேன், மாசி வெயிலுக்குப் போதுமானதாக இருக்கிறது. சஸ்பென்ஷன் கடினம். இடுப்பு வலி உள்ளவர்கள் வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது மோசமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்.

பெட்ரோல்: மூடிக்குள் இருக்கும் ஸ்டிக்கர் குறைந்தது 95 ஆக்டேன் கேட்கிறது. நெடுஞ்சாலை பங்க்குகளில் எக்ஸ்பி 95 கிடைக்கிறது. ஊருக்குள் எல்லா பங்க்கிலும் கிடைக்காது என்பதால் டேங்க் பாதி ஆனதும் நிரப்பிவிடுவேன். நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பன்னிரண்டு பக்கம், டவுனில் எட்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்த வண்டி இல்லை இது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் எரிபொருள் ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி பணம். விலைக்கு மேல் முதல் ஆறு மாதத்தில் போனதுதான் உண்மையான கணக்கு. எஸ்-ட்ரானிக் ஆயிலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என் வண்டி அந்த எல்லையில் நின்றது, உடனே மாற்றினேன். கூடவே ஹால்டெக்ஸ் ஆயில், ஸ்பார்க் பிளக், பேட்டரி. டயர்களில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் வரிகள், நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் 2418 என்றது, அதாவது 2018-ன் 24-வது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், நாலையும் மாற்றினேன். 245/40 ஆர்18 அளவு கிருஷ்ணகிரியில் ஸ்டாக் வைப்பதில்லை, ஓசூரில் சொல்லிவைத்து வாங்கினேன். எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சம். இவ்வளவுக்கும் இது நல்ல வண்டி, பில் உள்ள வண்டி. உங்கள் கையில் 16 லட்சம் இருந்தால் 13 லட்சத்து வண்டியைத் தேடுங்கள். 16 லட்சத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு நிற்பவரின் வண்டிதான் அடுத்த வருடம் தார்ப்பாய் போட்டு வெளியே நிற்கும், அதற்கடுத்த வருடம் விற்பனைக்கு வரும். அப்படிப்பட்ட வண்டிகளை நான் தேடிய காலத்தில் நிறையவே பார்த்தேன்.

சர்வீஸுக்குப் பெங்களூரில் தனியார் மெக்கானிக் ஒருவரிடம் விடுகிறேன். வருடத்துக்கு ஓரிரு முறை அங்கே போய் வருவது ஓசூருக்குத் தினமும் போகும் எனக்குக் கஷ்டமில்லை. தர்மபுரி தாண்டி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒரு சென்சார் போனாலும் நாலு சக்கரமும் மேலே ஏறி நிற்கும் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் வண்டியை அனுப்ப வேண்டும். சாதாரண ரெக்கவரி வண்டியின் கொக்கியில் முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்க விடாதீர்கள், நாலு சக்கர இழுவை உள்ள வண்டி, பின்பக்கம் பாழாகும். உள்ளூர் அலைன்மென்ட் கடையில் ராம்ப் ஏறும்போது பம்பர் இடிக்கும். நான் இரண்டு பலகைத் துண்டு டிக்கியில் வைத்திருக்கிறேன், ஆயில் கேனுக்குப் பக்கத்தில்.

கம்பெனி இந்த வண்டியை இனி செய்யப் போவதில்லை. என் தலைமுறை வண்டிக்கு ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் உடம்பு செய்து, ரயிலில் ஏற்றி ஹங்கேரியின் ஜியோர் நகரத்துக்கு அனுப்பி அங்கே முழு வண்டியாக்குவார்கள். 2023 நவம்பரில் கடைசி டிடி அங்கிருந்து வெளியே வந்தது. எஞ்சின் பாகங்களுக்குக் கவலை இல்லை, மற்ற கார்களோடு பொது. டிடிக்கு மட்டுமே உரிய ஹெட்லைட், கண்ணாடி, உள் அலங்காரத் துண்டுகள் போனால் தேட வேண்டியிருக்கும். லாரிக்குப் பின்னால் ஒட்டி ஓட்டாதீர்கள், ஒரு ஜல்லிக் கல் போதும்.

என் வண்டியின் ஆர்.சி. 2027-ல் 15 வருடத்தை முடிக்கிறது. அப்போது தகுதிச் சோதனை காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அதற்குள் முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம் புஷ் (சக்கரத்தை உடம்போடு இணைக்கும் கம்பியின் ரப்பர்) மாற்ற வேண்டும், குழியில் இறங்கும்போது டொக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. புஷ் ஆர்டர் போட்டாயிற்று. இந்த வாரம் வந்துவிடும் என்கிறார் மெக்கானிக், போன வாரமும் அதையேதான் சொன்னார்.